குற்றம் புது மென்பொருளிலா, ரீபூட்டிலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெட்வொர்க்கின் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் சாதனங்களின் மென்பொருளைத் தாமதிக்காமல் அப்கிரேடு செய்ய வேண்டும் என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஒட்டி இதை எழுதுகிறோம். கட்டுரை சொன்னதில் பிழையில்லை. 2024 ஏப்ரலில் வெளியான சி.வி.இ. 2024-3400 (சி.வி.இ. என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பதிவு எண்) என்ற ஓட்டைக்கு அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. பாலோ ஆல்டோ ஃபயர்வால்களில் இருந்த அந்த ஓட்டை வழியாக, திருத்தம் வெளிவரும் முன்பே ஆட்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். கதவு திறந்து கிடக்கும்போது நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் அப்கிரேடு முடிந்ததும் வேலை முடிந்தது என்பது போலக் கட்டுரை நின்றுவிட்டது. ஓ.எஸ்.பி.எஃப். (ஒரு நிறுவனத்துக்குள்), பி.ஜி.பி. (பெரும்பாலும் நிறுவனங்களுக்கு இடையே) போன்ற டைனமிக் ரவுட்டிங், அதாவது ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேசிப் பாதைகளை (ரூட்) தாமே கற்றுக்கொள்ளும் முறை, ஓடும் இடங்களில் தலைவலி அதன் பிறகுதான் ஆரம்பம். ஃபயர்வால் உயிரோடு இருக்கும், நிர்வாகப் பக்கம் திறக்கும், கிளை அலுவலகம் மட்டும் எட்டாது. உடனே எல்லோரும் புது மென்பொருளைத் திட்டுவார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். அப்கிரேடு என்பது ஒரே இரவில் நடக்கும் இரண்டு நிகழ்வுகள்: மென்பொருள் மாறுகிறது, சாதனம் ரீபூட் ஆகிறது. ஒரு வருடமாக நிறுத்தாமல் ஓடிய சாதனத்தில் இரண்டாவது நிகழ்வே போதும், பல கோளாறுகளை வெளியே இழுத்துவிட. யாரோ ஆறு மாதத்துக்கு முன் அவசரத்தில் போட்டு, சேமிக்க மறந்த கட்டளை ரீபூட்டில் காணாமல் போகும். ரவுட்டர் ஐ.டி.யை (மற்ற ரவுட்டர்கள் இதை அடையாளம் காணும் எண்) கையால் கொடுக்காமல் விட்டிருந்தால், அது லூப்பேக் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் கற்பனை இணைப்பு) முகவரியிலிருந்தோ மற்ற இன்டர்ஃபேஸ் (இணைப்பு முனை) முகவரியிலிருந்தோ தானாகத் தேர்ந்தெடுக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும் வரை அது மாறாது. இடையில் நீங்கள் சேர்த்த புதிய இன்டர்ஃபேஸின் முகவரி பெரியதாக இருந்தால், ரீபூட்டுக்குப் பின் புதிய ஐ.டி. வந்து உட்காரும். அந்த எண் பக்கத்து ரவுட்டருக்கும் இருந்துவிட்டால் நெய்பர் உறவே, அதாவது பக்கத்து ரவுட்டரோடு ரூட் பரிமாறும் பேச்சே, அமையாது. பழைய ஐ.டி.யை நம்பிக் கட்டிய வெர்ச்சுவல் லிங்க்கும் (வேறொரு பகுதி வழியாக ஓ.எஸ்.பி.எஃப். மையப் பகுதியோடு சேர்க்கும் இணைப்பு) போய்விடும். இதில் புது மென்பொருளின் குற்றம் எதுவுமில்லை.

ஆகவே எங்கள் முதல் யோசனை இதுதான்: அப்கிரேடு செய்வதற்கு ஓரிரு நாள் முன், பழைய மென்பொருளிலேயே சாதனத்தை ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள். அப்போதே ரவுட்டிங் விழுந்தால் காரணம் உங்கள் கான்ஃபிகரேஷனில் இருக்கிறது. விழாமல், அப்கிரேடுக்குப் பின் மட்டும் விழுந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது. நிர்வாகத்திடம் இரண்டு முறை பதினைந்து நிமிட நிறுத்தம் கேட்பது சங்கடம்தான். பகலில் நாலு மணி நேரம் நிறுத்துவதைவிட அது தேவலை.

ரீபூட்டுக்கு முன்னும் பின்னும் சில வெளியீடுகளைக் கோப்பில் எடுத்து வைக்க வேண்டும்: ஓ.எஸ்.பி.எஃப். நெய்பர் பட்டியல், பி.ஜி.பி. சம்மரி, ஒவ்வொரு நெய்பரிடமிருந்து எத்தனை ப்ரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) வந்தது என்ற எண்ணிக்கை, முழு ரவுட்டிங் டேபிள், ஒவ்வொரு இன்டர்ஃபேஸின் எம்.டி.யு. (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு), ரவுட்டர் ஐ.டி. நேற்று எப்படி இருந்தது என்று தெரியாதவர் இன்று எது மாறியது என்று சொல்ல முடியாது.

சாதனம் எழுந்தவுடன் பலர் ஓடிப்போய் நெய்பர் நிலையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன், கான்ஃபிகரேஷனில் எந்த வரியைப் புது மென்பொருள் ஏற்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஃபோர்ட்டிகேட் ஃபயர்வாலில் 'டயக்னோஸ் டீபக் கான்ஃபிக்-எரர்-லாக் ரீட்' என்ற கட்டளை அந்த வரிகளை அப்படியே காட்டும். சிஸ்கோ ஏ.எஸ்.ஏ. ஃபயர்வாலில் 'ஷோ ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் எரர்ஸ்'. எஃப்.ஆர்.ஆர். என்ற இலவச ரவுட்டிங் மென்பொருள் ஓடும் லினக்ஸ் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது, எந்தெந்தச் சேவை (டீமன்) ஓட வேண்டும் என்று சொல்லும் 'டீமன்ஸ்' என்ற கோப்பு. பேக்கேஜ் அப்கிரேடின்போது பழைய கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும் கேள்விக்கு அவசரத்தில் 'புதியது' என்று பதில் சொல்லிவிட்டால், பி.ஜி.பி. டீமனுக்கு எதிரே 'நோ' என்று இருக்கும். சேவையே ஓடாதபோது நெய்பரைத் தேடி என்ன பயன்?

இனி ஓ.எஸ்.பி.எஃப். நெய்பர் எந்த நிலையில் நின்றுவிட்டது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நெய்பரே தெரியவில்லை என்றால் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ பாக்கெட் வரவில்லை, அல்லது வந்தும் ஒத்துப்போகவில்லை. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டி.சி.பி.டம்ப் கருவியில் 'புரோட்டோ 89' என்று வடிகட்டிப் பாருங்கள். ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு டி.சி.பி.யும் இல்லை, யு.டி.பி.யும் இல்லை, அது ஐ.பி.யின் மேல் நேரடியாக 89 என்ற எண்ணில் ஓடுகிறது, போர்ட் என்பதே கிடையாது. ஆகவே எல்லா டி.சி.பி., யு.டி.பி. போர்ட்டையும் திறந்துவிட்ட விதிகூட இதை அனுமதிக்காது. ஃபயர்வால் தனக்கே வரும் போக்குவரத்தை வேறு விதிப்பட்டியலில் வைத்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். ஹலோ போகும் முகவரி 224.0.0.5, டி.ஆர்., பி.டி.ஆர். (ஒரு நெட்வொர்க்கில் எல்லோர் சார்பிலும் பேசும் தலைமை ரவுட்டரும் அதன் மாற்றும்) ரவுட்டர்களுக்கானது 224.0.0.6. இரண்டும் மல்டிகாஸ்ட், அதாவது ஒரு குழு முழுவதற்கும் போகும் முகவரிகள். நெய்பரின் சொந்த முகவரிக்கு மட்டும் விதி எழுதியிருந்தால் ஹலோ வெளியே நின்றுவிடும்.

ஹலோ வந்தும் நெய்பர் உருவாகவில்லையா? ஏரியா (ஓ.எஸ்.பி.எஃப். பகுதி) எண், ஸ்டப் கொடி (வெளி ரூட்களை ஏற்காத பகுதி என்ற குறி), ஹலோ நேரம், டெட் நேரம் (ஹலோ வராமல் காத்திருக்கும் நேரம்), பிராட்காஸ்ட் (ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பக்கூடிய) வகை நெட்வொர்க்கானால் சப்நெட் மாஸ்க், கடைசியாகக் கடவுச்சாவி ஆகியவற்றை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். பிராட்காஸ்ட் வகைக்கு வழக்கமான நேரங்கள் 10, 40 விநாடிகள், என்.பி.எம்.ஏ. (பல ரவுட்டர்கள் இருந்தும் பிராட்காஸ்ட் இல்லாத) வகைக்கு 30, 120. 'இனிட்' நிலையில் நின்றால் ஒருவழிப் பேச்சு: அவர் சொல்வது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. தடை உங்கள் வெளிப்பக்கத்திலோ அவருடைய உள்பக்கத்திலோ இருக்கிறது. 'டூ-வே' நிலையில் இரண்டு ரவுட்டர்கள் நின்றால் பதறவேண்டாம். டி.ஆர்., பி.டி.ஆர். அல்லாத இருவருக்கு அதுதான் இயல்பான நிலை. அதைக் கோளாறு என்று நினைத்து நல்ல நெட்வொர்க்கைக் கெடுத்தவர்கள் உண்டு.

'எக்ஸ்ஸ்டார்ட்', 'எக்ஸ்சேஞ்ச்' நிலைகளில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் எம்.டி.யு. ஒவ்வாமை. இந்தக் கட்டத்தில் இரு ரவுட்டர்களும் பரிமாறும் விவரப் பாக்கெட்டில் தன் எம்.டி.யு.வையும் எழுதி அனுப்புகின்றன. தன்னால் ஏற்க முடிந்ததைவிடப் பெரிய எண் வந்தால் சிறிய எம்.டி.யு. உள்ள ரவுட்டர் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். இணையத்தின் மேல் ரகசியக் குறியீட்டில் (என்கிரிப்ஷன்) ஓடும் ஐபிசெக் டன்னல்களில் இது அடிக்கடி வரும். என்கிரிப்ஷன் முறையைப் பொறுத்து டன்னலின் எம்.டி.யு. கணக்கிடப்படுவதால், அப்கிரேடில் அந்தக் கணக்கோ முறையோ மாறினால் ஒரு பக்கம் 1438, மறுபக்கம் 1420 என்று நிற்கும். இரு பக்கமும் ஒரே எண்ணைக் கையால் கொடுங்கள். சாதாரண ஈதர்நெட்டில் 1500 முழுதாகப் போகிறதா என்று பார்க்க, துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1472 பைட் பிங் அனுப்பவேண்டும், ஐ.பி. தலைப்பு 20, ஐ.சி.எம்.பி. தலைப்பு 8, ஆக 1500.

'எம்.டி.யு. இக்னோர்' போட்டால் நெய்பர் உடனே 'ஃபுல்' ஆகிவிடும் என்பது உண்மை. அது புண்ணை ஆற்றாமல் கட்டுப்போட்டு மறைப்பது. ரூட்கள் பெருகி அப்டேட் பாக்கெட் பெரிதாகும் ஒரு நாளில் 'லோடிங்' நிலையில் போய் நிற்கும். அன்று யாருக்கும் இந்த அப்கிரேடு நினைவிருக்காது.

'ஃபுல்' என்று காட்டுகிறது, ரூட் மட்டும் வரவில்லை என்பது இன்னும் குழப்பமானது. ஒரு பக்கம் பாயின்ட்-டு-பாயின்ட் (இரு முனை மட்டும் உள்ள வகை), மறுபக்கம் பிராட்காஸ்ட் என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். இரண்டுக்கும் வழக்கமான நேரங்கள் 10, 40 என்பதால் நெய்பர் உறவு அமைந்துவிடும். ஆனால் இருவரும் இணைப்பை இரு விதமாக விவரிப்பதால் ரூட் கணக்குப் பொருந்தாது. அப்கிரேடுக்குப் பின் டன்னல் இன்டர்ஃபேஸின் நெட்வொர்க் வகை என்னவென்று இரு முனையிலும் பாருங்கள்.

பி.ஜி.பி.யில் முதலில் ஏமாற்றுவது 'ஆக்டிவ்' என்ற சொல். வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, டி.சி.பி. இணைப்புக்கு முயன்று கொண்டிருக்கிறது, கிடைக்கவில்லை என்று அர்த்தம். போர்ட் 179 திறந்திருக்கிறதா, நெய்பர் எதிர்பார்க்கும் முகவரியிலிருந்துதான் பாக்கெட் கிளம்புகிறதா, நேரடி இணைப்பில் இல்லாத வெளி நெய்பருக்கு மல்டிஹாப் (இடையில் வேறு ரவுட்டர் இருக்கலாம் என்ற அனுமதி) கொடுத்திருக்கிறதா, எம்.டி.5 சாவி (பாக்கெட் உண்மையானதா என்று சோதிக்கும் கடவுச்சாவி) பொருந்துகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஃபயர்வால் தானே பி.ஜி.பி. பேசாமல் இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவில் நிற்கும் இடங்களில் கடைசிக் கேள்வி வேறு மாதிரி முளைக்கும். ஏ.எஸ்.ஏ. போன்ற சாதனங்கள் டி.சி.பி. சீக்வென்ஸ் எண்ணை மாற்றி எழுதும். அந்த எண்ணையும் சேர்த்துத்தான் எம்.டி.5 கணக்கிடப்பட்டிருக்கிறது, ஆகவே மறுபக்கத்தில் அது பொருந்தாது. அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் மாற்றி எழுதுவதை நிறுத்தி, எம்.டி.5 கணக்கைச் சுமக்கும் டி.சி.பி. ஆப்ஷன் 19-ஐ உரிக்காமல் விடவேண்டும்.

இணைப்பு உருவாகி உடனே முறிந்தால் லாகில் வரும் நோட்டிஃபிகேஷன் எண்ணைப் படியுங்கள். 2-க்குக் கீழே 2 என்றால் ஏ.எஸ். எண் (பி.ஜி.பி.யில் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்) தவறு, 2-க்குக் கீழே 3 என்றால் ஐ.டி. தகராறு, 6-க்குக் கீழே 1 என்றால் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ப்ரிஃபிக்ஸ் வந்துவிட்டது. 4 என்றால் ஹோல்டு நேரம் (நெய்பரிடமிருந்து எதுவும் வராமல் பொறுக்கும் நேரம்) முடிந்துவிட்டது. இந்த 4 தந்திரமானது. இணைப்பு எழும், சரியாக ஹோல்டு நேரம் கழித்து விழும், மறுபடி எழும். 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லும் கீப்அலைவ் 19 பைட்தானே, அது ஏன் போகவில்லை என்று தோன்றும். பெரிய அப்டேட் பாக்கெட் எம்.டி.யு. தடையில் சிக்கி நிற்க, ஒரே டி.சி.பி. ஓட்டத்தில் அதற்குப் பின்னால் வரும் கீப்அலைவும் வரிசையில் காத்து நிற்கிறது. இங்கேயும் மருந்து எம்.டி.யு.வில்தான்.

இணைப்பு 'எஸ்டாப்ளிஷ்டு', ஆனால் ப்ரிஃபிக்ஸ் பூஜ்யம் என்றால், மென்பொருள் உண்மையிலேயே மாறிய இடத்துக்கு வந்துவிட்டோம். வெளி நெய்பருக்கு எந்தக் கொள்கையும் எழுதாவிட்டால் ஒன்றையும் வாங்காதே, ஒன்றையும் கொடுக்காதே என்று 2017-இல் இணையத் தொழில்நுட்ப விதி ஆவணமான ஆர்.எஃப்.சி. 8212 விதித்தது. எஃப்.ஆர்.ஆர். தன் 7.4 பதிப்பில், 2020-இல், இதை இயல்பு நிலையாக்கியது. பி.எஃப்.சென்ஸ், ஓ.பி.என்.சென்ஸ், வயாஸ் போன்ற ஃபயர்வால், ரவுட்டர் மென்பொருள்கள் ரவுட்டிங்குக்கு எஃப்.ஆர்.ஆர்.ஐயே நம்பியிருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பழைய பதிப்பில் கிடந்து ஒரே தாவாகத் தாவியவர்கள் இதில் விழுவார்கள். பி.ஜி.பி. சம்மரியில் எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 'பாலிசி' என்ற சொல் நிற்பதே அடையாளம். இந்தக் கட்டாயத்தை அணைக்க ஒரே வரி போதும் என்றாலும், நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். எதை வாங்கலாம், எதைக் கொடுக்கலாம் என்று இரண்டு ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட் எழுதி, ரவுட்-மேப் (ரூட்களை வடிகட்டும் விதி) வழியாக உள்ளேயும் வெளியேயும் பொருத்துவது பத்து நிமிட வேலை. விதி வந்ததே, தவறுதலாக அடுத்தவர் ரூட்டை ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்யும் விபத்தைத் தடுக்கத்தான்.

அப்கிரேடோடு சாதனத்தின் பிராண்டையும் மாற்றுபவர்கள் கவனிக்க ஒன்று. ஒரே இடத்துக்கு இரு வழியில் ரூட் வந்தால் எதை நம்புவது என்ற எண் (சிறியதே ஜெயிக்கும்) பிராண்டுக்குப் பிராண்டு வேறு. சிஸ்கோவில் ஸ்டாட்டிக் ரூட்டுக்கு 1, ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு 110. ஃபோர்ட்டிகேட்டில் ஸ்டாட்டிக் 10. பாலோ ஆல்டோவில் உள் ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு 30. செக் பாயின்ட்டில் ஸ்டாட்டிக் 60, ஓ.எஸ்.பி.எஃப். 10, அங்கே முன்னுரிமையே தலைகீழ்.

ரூட் எல்லாம் திரும்பிவிட்டது, பிங் போகிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்ற புகார் கடைசியில் வரும். போகும் பாதையும் திரும்பும் பாதையும் வேறு வேறாகியிருக்கும். ரவுட்டருக்கு இது பொருட்டில்லை. ஃபயர்வாலோ, இணைப்பின் முதல் பாக்கெட்டைப் பார்க்காமல் நடுவில் வரும் பதிலை ஏற்காது. பாதையைத் தேர்ந்தெடுக்கும் காஸ்ட் (ஓ.எஸ்.பி.எஃப்.) அல்லது லோக்கல் ப்ரிஃபரன்ஸ் (பி.ஜி.பி.) எண்கள் அப்கிரேடுக்கு முன் எடுத்த கோப்போடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் பாதையை நேராக்குங்கள்.

இரட்டை ஃபயர்வால் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் (சாதனம் மாறும் வரை பழைய ரூட்களை வைத்துக்கொண்டு நெய்பர் காத்திருக்கும் ஏற்பாடு) இருக்கிறது, நெய்பர் விழாது என்று நம்பி இருப்பார்கள், கூடவே பி.எஃப்.டி.யும் (இணைப்பு அறுந்ததை நொடிக்குள் கண்டுபிடிக்கும் சோதனை) ஓடும். மாறும் நொடியில் பி.எஃப்.டி. 'இணைப்பு செத்துவிட்டது' என்று அறிவிக்க, காத்திருக்க ஒப்புக்கொண்ட பக்கமும் கையை விட்டுவிடும். அப்கிரேடு நேரத்தில் மட்டும் பி.எஃப்.டி.யை அணைத்து வைப்பது நலம்.

எதுவும் புரியாதபோது எல்லாவற்றையும் திறந்துவிடும் விதியைப் போட்டுப் பார்ப்பதும், திரும்பத் திரும்ப ரீபூட் செய்வதும் தடயத்தைத்தான் அழிக்கின்றன. எம்.டி.5 சாவி உள்ள ஓ.எஸ்.பி.எஃப்.பில் ரீபூட்டுக்குப் பின் சீக்வென்ஸ் எண் குறைந்து போனால், மறுபக்கம் பழைய உறவை மறக்கும் வரை, வழக்கமான நேரமானால் 40 விநாடி, உங்கள் ஹலோவை ஏற்காது. அந்த 40 விநாடி பொறுக்காமல் மறுபடி பட்டனை அழுத்துபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பழைய பதிப்புக்குத் திரும்புவதானால் எத்தனை நிமிடத்தில் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். திரும்பும் முன் பாக்கெட் பிடிப்பு, லாக், நெய்பர் நிலை மூன்றையும் சேமியுங்கள். அவை இல்லாமல் பின்வாங்கினால் அடுத்த முறையும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். ஓட்டையும் அதுவரை திறந்தே கிடக்கும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.