அய்யன்காளி தேர்தலில் வென்றவர் அல்லர், நியமிக்கப்பட்டவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீண்டாமைக்கு ஆளான புலையர் சமுதாயத்தின் தலைவர் அய்யன்காளி, திருவிதாங்கூர் சமஸ்தானச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று நினைவுநாள் கட்டுரைகளிலும் தேர்வு வழிகாட்டிகளிலும் எழுதிவருகிறார்கள். அவர் தேர்தலில் நின்று வரவில்லை. போன இடம் சட்டம் இயற்றும் மன்றமும் அல்ல. 1911 டிசம்பரில் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு அரசு அவரை நியமித்தது. தேர்தல் கதவு அவருக்கு ஏன் அடைத்திருந்தது என்பதையே இந்தப் பிழை மறைத்துவிடுகிறது.

1888-ல் எட்டுப் பேருடன் தொடங்கியது திருவிதாங்கூர்ச் சட்டசபை. ஆறு பேர் அதிகாரிகள், இருவர் அதிகாரி அல்லாதவர், எல்லோரும் நியமனம். 1904-ல் வந்த பிரஜா சபையோ ஆண்டுக்கொரு முறை கூடிக் குறை சொல்லும் இடம். சட்டம் இயற்ற அதற்கு அதிகாரமில்லை. 1932 சீர்திருத்தத்தில் ஈரவை வந்தபோது கீழவைக்கும் ஸ்ரீமூலம் பெயரையே வைத்தார்கள். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பிரஜா சபையின் முதல் கூட்டத்துக்கு ஆள் தேர்ந்தவர்கள் டிவிஷன் பேஷ்கார்கள் எனும் வருவாய்க் கோட்ட அதிகாரிகள். தாலுகாவுக்கு இருவர், ஆண்டுக்கு 100 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுபவராகவோ 6,000 ரூபாய் நிகர வருமானம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். 1905-ல் தேர்தல் வந்தது. நூறு இடங்களில் 77 தேர்தலுக்கு, 23 நியமனத்துக்கு. வாக்களிக்க 50 ரூபாய் நிலவரி கட்டியிருக்க வேண்டும், அல்லது பட்டம் பெற்றுப் பத்தாண்டு ஆகியிருக்க வேண்டும்.

அன்று திருவிதாங்கூரில் இருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களில் இந்த விதியைப் பொருத்திப் பாருங்கள். உழுதவர், நட்டவர், அறுத்தவர் பெயரில் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் கரம் (நிலவரி) தீர்த்த ரசீது இல்லை. ரசீது இல்லையென்றால் வாக்கும் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே சேர்க்காத காலத்தில் பட்டதாரி வழியைப் பற்றிப் பேசவே வேண்டாம். நிலம் வைத்திருந்தவர்களிலும் எல்லோரும் உள்ளே வந்துவிடவில்லை. நாஞ்சில்நாட்டு வெள்ளாளரிடம் அன்று மருமக்கள்வழி, அதாவது தாய்வழியில் சொத்து மருமக்களுக்குப் போகும் முறை. சொத்து குடும்பத்துக்கு, பட்டா காரணவர் எனும் குடும்பத் தலைவர் பெயரில். வரி கட்டியவராகக் கணக்கில் நின்றவரும் அவரே.

ஆகவே புலையர்களுக்கு மிஞ்சியது நியமனம்தான். அதிலும் முதலில் அவர்களுக்காகச் சபையில் உட்கார்ந்தவர் சுபாஷிணி பத்திரிகையின் ஆசிரியர் பி.கே. கோவிந்தப் பிள்ளை. அந்தச் சமுதாயத்திலிருந்தே ஒருவர் வர வேண்டும் என்று அவரே கேட்டார். திவான் பி. ராஜகோபாலாச்சாரி ஏற்றுக்கொண்டார். உள்ளே வந்த அய்யன்காளி புதுவல் எனும் அரசுத் தரிசு நிலத்தைத் தம் மக்களுக்குப் பட்டா போட்டுத் தரவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் கேட்டார்.

நியமனத்தில் குறை இல்லாமல் இல்லை. பதவிக்காலம் ஓராண்டுதான். அடுத்த ஆண்டும் வர வேண்டுமென்றால் அரசு மறுபடியும் பெயர் எழுத வேண்டும். எந்தச் சமுதாயத்துக்கு இடம், எதற்கு இல்லை என்பதும் மேலேதான் முடிவாகும். ஆண்டுதோறும் அரசின் தயவில் நிற்கும் இடத்தில் இருந்துகொண்டு அதே அரசிடம் நிலம் கேட்டார் பாருங்கள், அந்தத் துணிவைத்தான் கட்டுரைகள் எழுத வேண்டும்.

ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே, சென்னை மாகாணத்தில், கதை வேறு. 1892 சட்டப்படி நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் பெயரைப் பரிந்துரைக்கும், நியமிப்பவர் ஆளுநர். 1919 சட்டத்துக்குப் பின் 98 இடங்கள் தேர்தலுக்கு வந்தன, மீதி நியமனம். இரட்டைமலை சீனிவாசன் 1923-ல் நியமனத்தில் வந்தவர். பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் 1924-ல் நிறைவேறியது. முத்துலட்சுமி ரெட்டியும் நியமன உறுப்பினர்தான். நியமன உறுப்பினர் எல்லாம் தலையாட்டிகள் என்று ஒதுக்குவது இவர்களுக்குச் செய்யும் அநீதி.

பழைய திருவிதாங்கூர் உறுப்பினர் எவரைப் பற்றி எழுதினாலும் எந்தச் சபை, எந்த ஆண்டு, தேர்தலா நியமனமா என்பதைப் பார்த்து எழுதுமாறு தங்கள் நிருபர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பிரஜா சபை நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் தோவாளை முதல் விளவங்கோடு வரையும் செங்கோட்டையிலும் இருந்து போனவர்களின் பட்டியலையும் பேச்சுகளையுமாவது தமிழ்நாடு அரசு தமிழில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
உள்ளூர் வரலாற்று வாசகர்கள்,
தக்கலை.