பைக் ரேடியோவுக்கு பூஸ்டர் வேண்டாம், எர்த் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் தென்காசி வாசகர் ஒருவர் பைக்கில் ரேடியோ வைத்தும் பிரயோஜனம் இல்லை, ஆலங்குளம் தாண்டினால் கரகரவென்று இரைச்சல்தான், வானொலி நிலையங்களே பவரைக் குறைத்துவிட்டன போல என்று எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் நியாயம்தான். ஆனால் பழியை நிலையத்தின் மேல் போட்டது சரியில்லை. அதே ஆலங்குளத்தில் ஒரு பழைய காரில் அதே நிலையத்தை வைத்துக் கேட்டுப் பாருங்கள், பாட்டு பளிச்சென்று வரும். கோளாறு பைக்கில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ரேடியோ செட்டில் இல்லை, ஏரியல் மாட்டியிருக்கிற விதத்தில் இருக்கிறது.

எஃப்.எம். என்பது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 100 என்று வைத்துக்கொண்டால் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். கார் குச்சி ஏரியல் ஏறக்குறைய அந்த நீளத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் குச்சி பாதி ஏரியல்தான், மறுபாதி அதற்குக் கீழே விரிந்து கிடக்கிற காரின் இரும்பு பாடி. பைக்கில் அந்த இரும்புப் பரப்பு கிடையாது. இருக்கிற பிரேம், எஞ்சின், டேங்க் இவற்றைத்தான் மறுபாதியாக்க வேண்டும், அதற்கு ஏரியலின் அடிப்பகுதி பிரேமோடு நல்ல எர்த் ஆகியிருக்க வேண்டும், அதாவது மின்சாரம் தடையில்லாமல் போகிற மாதிரி இரும்போடு இரும்பாகச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லாத ஏரியல் இரட்டை மாட்டு வண்டியில் ஒற்றை மாட்டைப் பூட்டின மாதிரி, நகரும், பாரம் இழுக்காது.

இதைக் கடைக்காரர்கள் கவனிப்பதே இல்லை. என் மச்சான் ஒரு பெரிய பைக் வைத்திருக்கிறார், பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, நடுவில் ஒரு பெட்டி, எல்லாம் பிளாஸ்டிக். ராமேசுவரம், கொடைக்கானல் என்று கிளம்பிவிடுகிற ஆள். திருநெல்வேலி டவுனில் ஒரு கடையில் ரேடியோவும் ஏரியலும் மாட்டிக் கொண்டு வந்தார். வண்ணார்பேட்டைக்குள் கேட்டது, கங்கைகொண்டான் தாண்டினதும் போய்விட்டது. திரும்பக் கடைக்குப் போனால், "அண்ணாச்சி, இதுக்கு ஒரு பூஸ்டர் போட்டாச் சரியாயிரும்" என்று, சிக்னலைப் பெரிசாக்குகிற அந்தக் கருவிக்கு இன்னும் பணம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ரேடியோ கழற்றி மாட்டுவது பழக்கம் என்பதால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தால், ஏரியல் பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறது. கேபிளின் நடு ஒயரை மட்டும் குச்சியில் கொடுத்துவிட்டு, சுற்றி வருகிற பின்னல் ஒயரை முறுக்கி, டேப் சுற்றி அப்படியே தொங்கவிட்டிருக்கிறார்கள். மறுபாதி என்று சொன்னேனே, அது எங்கேயும் சேரவில்லை. கேரியருக்கு ஏரியலை மாற்றினோம். அங்கே இன்னொரு விஷயம்: கேரியர் இரும்புதான், ஆனால் மேலே பவுடர் கோட்டிங், அதில் மின்சாரம் போகாது. நட்டு உட்காருகிற இடத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை எடுத்தேன், பல்லு வாஷர் ஒன்று வைத்து முறுக்கினேன், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். கேரியரும் பிரேமும் சேருகிற போல்ட்டிலும் அதே வேலை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பின்னல் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் ஏறக்குறைய பூஜ்யம் ஓம். அதே செட், அதே குச்சி. கயத்தாறு தாண்டியும் பாட்டு போய்க்கொண்டே இருந்தது என்று மச்சான் போன் பண்ணிச் சொன்னார். பூஸ்டர் வாங்கவே இல்லை.

பெட்டி மேலேதான் ஏரியல் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள், மூடிக்கு உள்பக்கம் ஒரு அலுமினியத் தகடு வைத்து, அதை அகலமான பின்னல் ஒயரால் பிரேமோடு இணைத்தால் ஓரளவு தேறும். இல்லையென்றால் எர்த்தே தேவைப்படாத இரட்டைக் கம்பி ஏரியல் இருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் 75 சென்டிமீட்டர் வாக்கில் இரண்டு ஒயர், முன் பக்க பிளாஸ்டிக் கவருக்குள் ஒளித்து வைத்துவிடலாம். பெரிய கவர் உள்ள வண்டிக்கு இது நல்ல வழி, வெளியே குச்சியும் தெரியாது.

குச்சியின் நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். 7,500-ஐ நிலையத்தின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலையின் நீளம் சென்டிமீட்டரில் வரும். கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலையின் 100.5-க்கு 74.6 வருகிறது, நடைமுறையில் அதில் ஒரு 5 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். அழகுக்காக விற்கிற விரல் நீள ரப்பர் ஏரியலுக்குள்ளே ஒயரைச் சுருளாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். டவர் பக்கத்தில் இருந்தால் அது இழுக்கும், நான்குவழிச் சாலையில் தூரம் போகப் போகக் கைவிட்டுவிடும். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் நீளக் குச்சிக்குப் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அடியில் ஸ்பிரிங் வைத்த ஸ்டீல் குச்சி வாங்குங்கள், வளைந்து நிமிரும், ஒடியாது. அதை கிராஷ் கார்டு, பிடி கம்பி போன்ற இரும்புகளை விட்டுத் தள்ளி, எஞ்சினுக்குத் தூரமாக, நேராக நிறுத்துங்கள். கேபிளுக்கு வீட்டில் மிஞ்சின கேபிள் டிவி ஒயரைப் போடாதீர்கள், அதன் நடுக்கம்பி ஒற்றைக் கம்பி, வண்டி அதிர்வில் ஒடிந்துவிடும்.

அடுத்தது இரைச்சல். ஏரியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டியே ஒரு இரைச்சல் தொழிற்சாலையாக இருந்தால் என்ன பண்ண முடியும்? முதலில் எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, தூரத்து நிலையம் ஒன்றை வைத்துக் கேளுங்கள். அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள். டிக் டிக் என்று வந்து, ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க வேகமானால் அது பிளக்கின் பொறி. உய்ய்ங் என்று ஒரு ஊளை ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கினால் அது சார்ஜிங் பக்கத்தில் இருந்து வருகிறது. எஞ்சின் ஓடாமலே இரைந்தால் போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். கைப்பிடியில் மாட்டுகிற மலிவு யு.எஸ்.பி. சார்ஜரும், தனியாக வாங்கி மாட்டுகிற எல்.இ.டி. விளக்கும் உள்ளே விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகிற சர்க்யூட்டில் ஓடுகின்றன, அந்தக் குப்பை முழுக்க ஏரியலுக்கு வருகிறது. மழையில் ஹைபீம் போட்டால் செய்தி கேட்காது என்று புலம்புகிற நண்பர்கள் எனக்கு உண்டு, விளக்கை மாற்றினதும் சரியாகிவிட்டது.

இன்னும் ஒரு சோதனை, இதற்குக் காசே ஆகாது. இரைச்சல் வரும்போது செட்டின் பின்னால் ஏரியல் பின்னைப் பிடுங்குங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது கரண்ட் ஒயர் வழியாக வருகிறது, செட்டுக்கு பேட்டரியில் இருந்து நேராக, ஃபியூஸ் வைத்து, பிளஸ் மைனஸ் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிக் கொண்டு வாருங்கள், செட் பக்கத்தில் அந்த ஒயர் மேல் ஒரு ஃபெரைட் வளையம் (இரைச்சலை அமுக்குகிற கறுப்பு வளையம்) மாட்டுங்கள். பின்னைப் பிடுங்கினதும் இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியாக வருகிறது, அப்போது பிளக்கையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். பிளக்கின் எண்ணில் ஆர் என்ற எழுத்து நடுவில் இருந்தால் பெரும்பாலும் அது ரெசிஸ்டர் பிளக், அதாவது இரைச்சலைக் குறைக்க உள்ளே தடை வைத்த பிளக், வண்டிக்குக் கம்பெனி சொன்னது அதுவாக இருந்தால் அதையே போடுங்கள். பிளக் கேப்பிலும் வழக்கமாக 5 கிலோ ஓம் அளவில் ஒரு தடை இருக்கும். மெக்கானிக் கையில் கிடைத்த மலிவு கேப்பை மாட்டிவிட்டால் வண்டி நன்றாகவே ஓடும், ரேடியோதான் செத்துப்போகும், யாருக்கும் காரணமும் தெரியாது.

பூஸ்டரைப் பற்றிக் கோபமாகவே எழுதுகிறேன். பூஸ்டருக்குப் பாட்டு எது, இரைச்சல் எது என்று தெரியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பெரிசாக்கும். ஊருக்குள் டவர் பக்கத்தில் போகும்போது அளவுக்கு மீறின சிக்னல் ஏறி ஒரு நிலையத்துக்குள் இன்னொரு நிலையம் கேட்கும். எர்த் சரியாகப் பண்ணாமல் அதை விற்கிறது வாடிக்கையாளர் காசைப் பிடுங்குகிற வேலை.

அதே சமயம் மலைக்கு மருந்து கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எஃப்.எம். ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகிற அலை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் அதன் ஒலிபரப்பு நேர்க்கோட்டில் 160 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற நம் திருநெல்வேலி வரைக்கும் எட்டிப் பார்க்கிறது. மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும்போது ஒரு வளைவில் கேட்கும், அடுத்த வளைவில் போய்விடும், புளியரை எஸ் வளைவு தாண்டினால் மலையாளம் வந்துவிடும். அங்கே குச்சியை மாற்றி என்ன ஆகப்போகிறது? உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் கடற்கரைச் சாலையில் இதற்கு நேர்மாறு. காற்று அடங்கின சில ராத்திரிகளில் கடல் மேல் படிகிற காற்று அடுக்கு அலையைத் தூரத்துக்குக் கடத்திக்கொண்டு வரும், இலங்கை நிலையங்கள் உள்ளூர் மாதிரி கேட்கும்.

மலை மறைப்பில் கை கொடுப்பது மத்திய அலை, அதாவது மீடியம் வேவ். நெல்லை வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் 250 மீட்டர், மேடு பள்ளத்தை வளைந்து வரும். ஆனால் இப்போது பைக்குக்கு என்று விற்கிற பல செட்டுகளில் மத்திய அலையே கிடையாது, வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். மத்திய அலைக்கு கார் ரேடியோவுக்கு என்றே வருகிற கேபிள்தான் சரி, கண்ட கேபிளை நீளமாக இழுத்தால் சிக்னலைக் கேபிளே தின்றுவிடும். பழைய கார் செட் போடுகிறவர்கள் செட்டில் ஏரியல் பின் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரிம்மர் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கிற நிலையத்தை வைத்து, சத்தம் கூடுகிற வரை அதை மெதுவாகத் திருப்ப வேண்டும். இதைப் பண்ணாமலே செட் மோசம் என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

பாட்டுக் கேட்க இவ்வளவு பாடா என்று யாராவது கேட்கலாம், போனில் எல்லாம் கிடைக்கிறதே என்றும் சொல்லலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை, திருநெல்வேலி ஜங்ஷன் முழுக்கத் தண்ணீர், செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பல ஊர்களில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் வெறும் டார்ச் லைட்டாக இருந்தது. அப்படி ஒரு நாளில் எந்தப் பாலம் மூடியிருக்கிறது, அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று சாலையில் மாட்டிக்கொண்ட மனிதனுக்குச் சொல்ல ரேடியோவை விட்டால் வேறு என்ன இருக்கிறது? போன்களில் எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாது என்று அதே ஆண்டில் மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனால் போன் எஃப்.எம்.முக்கு ஹெட்போன் ஒயர்தான் ஏரியல், ஹெல்மெட்டுக்குள் புளூடூத் மாட்டினவருக்கு அந்த ஒயரும் இல்லை. பைக்கிலோ பேட்டரி இருக்கிறது, எஞ்சின் ஓடினால் அதுவே சார்ஜ் ஆகிக்கொள்கிறது, ஏரியல் ஒழுங்காக இருந்தால் நாள் கணக்கில் தகவல் கேட்கலாம்.

அதனால் இரண்டு கோரிக்கை. பேட்டை ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் வண்டி வேலை படிக்கிற பிள்ளைகளுக்கு ஏரியல் எர்த்தும் இரைச்சல் பிடிக்கிற விதமும் ஒரு மதியம் சொல்லிக் கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்வார்கள். கடைக்காரர்களுக்கு: ஏரியல் மாட்டி முடித்ததும் மல்டிமீட்டரை எடுத்து, பின்னல் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் எத்தனை ஓம் என்று வாடிக்கையாளர் கண் முன்னால் காட்டி, அந்த எண்ணை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கடற்கரைப் பக்கத்து வண்டி என்றால் உப்புக் காற்றில் அந்த போல்ட் துரு ஏறிவிடும், ஒவ்வொரு ஆயில் சர்வீசுக்கும் அதைக் கழற்றித் தேய்த்து மாட்ட வேண்டும் என்பதையும் அதே பில்லில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.