மேடையில் சொன்னதைச் சபையிலும் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய எதிர்க்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் பேராதனையில் படிக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. போன கிழமை உங்களில் ஒருவர் எங்கள் பக்கம் கூட்டம் வைத்து, ஜனநாயகம் ஆபத்தில் இருக்கிறது, கெம்பஸ் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பேசாமல் இல்லை ஐயா. விடுதியில் ராத்திரி சாப்பாடு முடிந்தால் உங்கள் அறிக்கைகளைப் பற்றித்தான் பேச்சு. சிங்கள நண்பிகளின் போனில் வரும் செய்தியையும் எங்களுக்குத் தமிழில் வரும் செய்தியையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். ஒரே ஆள், ஒரே நாள். தமிழில் மலையக மக்களுக்குக் காணி உறுதி வேண்டும் என்று முழங்கியிருப்பார், சிங்களத்தில் அந்தப் பேச்சே இருக்காது. "இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று நண்பி கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

அந்தக் கூட்டத்துக்கு அம்மாவும் போனார். வேலை நாள், பின்நேரம். பறித்த கொழுந்து கிலோ காணாது என்று அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போட்டார்கள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் மழையில் நின்றிருக்கிறார், பேச வேண்டியவரோ பிந்தித்தான் வந்தார். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அம்மா கேட்ட அந்தப் பேச்சில் ஒரு திகதி இல்லை, ஒரு தொகை இல்லை, எந்தச் சட்டத்தை மாற்றப்போகிறீர்கள் என்றும் இல்லை.

மேடைப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். 2024 மே தினத்தில் கொட்டகலையில் தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள், கைதட்டினோம். கம்பனிகள் நீதிமன்றம் போயின, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350இல் வந்து நின்றது. 2023இல் காசில்லை என்று உள்ளூராட்சித் தேர்தலை நிறுத்திய அரசாங்கத்தில் உங்களில் சிலரும் இருந்தீர்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே அடுத்த வருடம் சொன்னது. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல், அப்போது நான் ஆரம்பப் பள்ளியில். அதைப் பிற்போட்டதில் பங்கே இல்லாதவர் போல இன்றைக்கு ஜனநாயகம் பேசினால் பிள்ளைகள் எப்படி நம்புவது?

சரி, உங்களைத் திட்ட மட்டும் எழுதவில்லை. எதிர்க்கட்சியே வேண்டாம் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்கள், 2003 சட்டத்துக்குப் பிறகுதான் தாத்தா கையில் வாக்குச்சீட்டு வந்தது. வாக்கின் அருமையை எங்கள் வீட்டில் யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. 225 பேரில் 159 பேர் ஆளுங்கட்சியாக இருக்கிற சபையில் உங்கள் குரல் எங்களுக்குக் கட்டாயம் தேவை. அது அட்டனில் மட்டும் கேட்டால் போதாது.

அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன், மேடையில் சொன்னதைச் சபையிலும் சொல்லுங்கள். மாகாண சபைத் தேர்தல் என்றைக்கு, தோட்டத்து லய வீடுகளில் இருக்கிறவர்களுக்குக் காணி உறுதி என்றைக்கு என்று எழுந்து கேளுங்கள். கேள்வியும் அமைச்சரின் பதிலும் சபைப் பேச்சுகளைப் பதியும் ஹன்சார்ட்டில் ஏறட்டும், நாங்கள் எடுத்துப் படிக்கிறோம். தயவுசெய்து சிங்களத்திலும் கேளுங்கள், என் நண்பிகளுக்கும் விளங்கட்டும். அப்புறம் அடுத்த கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

இப்படிக்கு,
பேராதனைப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி