கிலோ மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், குழந்தைகளுக்கு இரவில் டயப்பர் கசிவது பற்றி ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைக்க வேண்டும், தாய்மார்கள் இரவில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று இரண்டே யோசனைகள். படித்ததிலிருந்து மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 22 வருடங்களாகத் தையல் வேலை செய்கிறேன். மனைவி செவிலியர். மாதத்தில் பாதி நாள் அவளுக்கு இரவுப் பணி. அந்த நாட்களில் எங்கள் இரண்டு வயது மகன் என் பக்கத்தில்தான் படுப்பான். ஆகவே நனைந்த படுக்கையைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை இருக்கிறது. கவனம் குறைந்ததால் கசியவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

நான்கு மாதங்களுக்கு முன்பு வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் கசிந்துகொண்டிருந்தது. ராத்திரி இரண்டு, இரண்டரை மணிக்கு என் முழங்கை ஈரத்தில் படும். விழித்துப் பார்த்தால் பையனின் சட்டை இடது அக்குள் வரை நனைந்திருக்கும். எப்போதும் இடது பக்கம்தான். அவன் இடது பக்கம் சாய்ந்து, ஒரு காலை மடக்கி வைத்துத் தூங்குகிறவன். ஒரு நாள் விடிந்ததும் அந்த டயப்பரை வெட்டுமேசையில் விரித்துக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டினேன். முன்பக்கம் இடது ஓரத்தில் ஜெல் கட்டி கட்டியாக ஊதி நின்றது. பின்பாதியைத் தொட்டால் காய்ந்த பஞ்சு, பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல. பாதி டயப்பர் சும்மா இருக்கும்போதே படுக்கை நனைந்திருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். எடை போட்டுப் பார்க்கச் சொன்னாள். மருத்துவமனையில் குழந்தைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று தெரிந்துகொள்ள டயப்பரை எடை போடுவது வழக்கமாம். காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் மிச்சம் சிறுநீர், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. சமையலறைத் தராசில் மூன்று வாரம் எடை போட்டு அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். காய்ந்தது 38 கிராம். கசியாத ஒரு காலையில் 272 கிராம். கசிந்த ஒரு காலையில் 170 கிராம். கசிந்த நாளில்தான் டயப்பருக்குள் குறைவாக இருந்திருக்கிறது. படுக்கையில் போனதையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் 272 கிராம் எடை வரும் வரை தாங்கிய அதே டயப்பர், நூறு கிராம் மிச்சம் இருக்கும்போதே வெளியே விட்டுவிட்டது. இதில் குடித்த தண்ணீரின் தப்பு எங்கே இருக்கிறது?

சிறு குழந்தைக்குக் கிலோவுக்கு மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லி வரை சிறுநீர் வருவது இயல்பு என்றாள் மனைவி. என் மகன் 12 கிலோ. பத்து மணி நேரத் தூக்கத்துக்கு 120 முதல் 240 மில்லி. அவன் கணக்கு அதற்குள்தான் இருந்தது.

சரி, பின்னே ஏன் கசிகிறது? டயப்பருக்குள் பஞ்சோடு சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி இருக்கிறது. ஈரம் பட்டதும் ஊதி ஜெல்லாகும். நிறையக் குடிக்கும், ஆனால் பட்ட அதே நொடியில் குடித்துவிடாது. சிறுநீரில் உப்பு இருப்பதால் வெறும் தண்ணீரைக் குடிக்கும் அளவுக்கு இதைக் குடிக்கவும் முடியாது. குழந்தையின் மூத்திரப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு 90 மில்லி. அது ஒரே மூச்சில் வரும்போது, பொடி குடித்து முடிக்கும் வரை தடுத்து நிறுத்த வரப்பு மாதிரி ஒன்று வேண்டும். கால் ஓரத்தில் உள்பக்கமாக ஓடும் ஃப்ரில்லுக்கு அதுதான் வேலை. அந்த ஃப்ரில் தொடையில் ஒட்டி உட்காராவிட்டால், டயப்பர் எத்தனை தடிமனாக இருந்தும் பயன் இல்லை.

இந்த இடத்தில்தான் தையல்காரனாக எனக்கு ஆற்றாமை வருகிறது. டயப்பர் பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது? 9 முதல் 14 கிலோ. அப்புறம் 12 மணி நேரம். எடையைக் கேட்டு நான் யாருக்காவது கால்சட்டை தைத்துக் கொடுக்க முடியுமா? என் மூத்த மகளும் இதே வயதில் 12 கிலோதான் இருந்தாள். அவள் தொடைச் சுற்று பன்னிரண்டரை அங்குலம், இவனுடையது பத்தரை. இருவரின் அளவும் என் நோட்டில் இருக்கிறது. ஒரே கிலோ, ஒரே சைஸ் டயப்பர். அவளுக்கு எலாஸ்டிக் சிவப்புத் தழும்பு போட்டது. இவனுக்கு, பக்கவாட்டில் படுத்துக் காலை மடக்கியதும், தொடைக்கும் ஃப்ரில்லுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வந்தது. அந்தச் சுண்டுவிரல் இடைவெளி வழியாகத்தான் மூன்று மாதம் படுக்கை நனைந்தது.

இரவுக்கு ஒரு சைஸ் பெரிதாகப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். தொடை தடித்த குழந்தைக்கு, காலையில் தழும்பு தெரிகிற குழந்தைக்கு அது சரியான யோசனை. என் மகளுக்கு அதுதான் தீர்வாக இருந்தது. மெலிந்த காலுள்ள பையனுக்குப் பெரிய சைஸ் போட்டபோது கசிவு கூடியது. அதே சைஸில், ஜட்டி போல இழுத்து மாட்டுவதை விட்டுவிட்டு ஒட்டும் பட்டை உள்ளதற்கு மாறினேன். பட்டையைத் தொடைப் பக்கம் சற்று இறக்கி ஒட்டினேன். இடுப்பில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டேன். ஒட்டிய பிறகு அவனை ஒருமுறை பக்கவாட்டில் படுக்க வைத்து, காலை மடக்கி, ஃப்ரில்லை விரலால் சுற்றிலும் வெளியே எடுத்துவிட்டேன். நிற்க வைத்து அளவு பார்ப்பதில் அர்த்தம் இல்லை. அவன் எப்படித் தூங்குகிறானோ அப்படி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் கசிந்தது ஒரே ஒரு இரவு.

அந்த ஒரு இரவுக்கும் காரணம் கிடைத்தது. பனியனின் கீழ் ஓரம் அரை அங்குலம் டயப்பருக்குள் சிக்கியிருந்தது. பருத்தித் துணி விளக்குத் திரி மாதிரி. ஒரு முனை ஈரத்தில் பட்டால் போதும், ராத்திரி முழுக்க உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். டயப்பர் ஒழுங்காக இருந்தும் சட்டை நனைகிறது என்று யாராவது சொன்னால் முதலில் பனியனைப் பாருங்கள். இடுப்பு எலாஸ்டிக் இறுக்கமான இரவுக் கால்சட்டையும் ஆகாது. ஊறிய ஜெல்லை அது அழுத்தும்போது ஈரம் ஓரத்துக்கு வருகிறது. ஆண் குழந்தையாக இருந்தால் டயப்பர் மாட்டும்போது குறியைக் கீழ்நோக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்புப் பட்டி வழியாகவே போகும். புண்ணுக்குப் போடும் களிம்பைத் தடிமனாக அப்பினால் அது டயப்பரின் மேல்துணியில் ஒட்டி ஈரத்தை உள்ளே விடாது. சாப்பாட்டுக்கு முன் மாட்டியதையே தூங்கும்வரை விட்டுவிடாமல், விளக்கை அணைப்பதற்கு முன் மாற்றுவதும் முக்கியம்.

துணி நாப்பி பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு விஷயம், இது என் கைப்பட்ட அனுபவம். நீர்புகாத துணியில் மேலுறை ஒன்று நானே தைத்தேன். வசதிக்காகக் கவட்டையின் நடுவில் ஒரு தையல் ஓட்டினேன். முதல் இரவே அந்தத் தையல் கோடு முழுக்க ஈரப்பொட்டுகள். ஊசி போன துளை ஒவ்வொன்றும் ஒரு வழி. பருத்தி நூல் வேறு, அதுவே திரியாகிவிட்டது. இரண்டாவதில் நடுத்தையல் இல்லாமல் ஒரே துண்டாக வெட்டி, ஓரங்களை மட்டும் பாலியெஸ்டர் நூலால் தைத்தேன். நின்றது. உள்ளே வைக்கும் பருத்தித் துணி புதிதாக இருந்தால் நாலைந்து முறை துவைத்த பிறகுதான் ஒழுங்காக உறிஞ்சும். துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசாதீர்கள். அது இழையின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சவே விடாது.

இதைத் தைத்தபோது மனைவி ஒரு செய்தி சொன்னாள். 1946-ல் அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற பெண், குழந்தையின் படுக்கை நனைந்து நனைந்து அலுத்து, குளியலறைத் திரையை வெட்டித் தையல் இயந்திரத்தில் தானே ஒரு நீர்புகா மேலுறை தைத்திருக்கிறார். பிறகு பாராசூட் நைலானுக்கு மாறி, ஊக்குக்குப் பதில் பிரஸ் பட்டன் வைத்தார். 1951-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அவரும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து இதற்கு வழி தேடினார் என்று கேட்டபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

இனி, தண்ணீர் விஷயம். இதை நான் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். காரணம் தெரியாத அந்த நாட்களில் நானும் உங்கள் குறிப்பில் உள்ளதையே நம்பினேன். ஒரு நள்ளிரவு, மூன்றாவது விரிப்பை மாற்றும்போது, "அதான் தண்ணி குடிக்காதேன்னு சொன்னேன்ல" என்று பையனை அதட்டிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் விளையாடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தான். டம்ளரை நீட்டினேன். உதட்டை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தள்ளிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு வயதுக் குழந்தை தாகத்தை அடக்கிக்கொண்டு அப்பாவுக்குப் பயந்து நிற்பதை நான் பார்த்தேன். உங்கள் குறிப்பைப் படித்த எத்தனை வீடுகளில் இன்று அப்படி ஒரு டம்ளர் திருப்பி வைக்கப்படுமோ என்று நினைத்தால் பதறுகிறது.

இரவில் சிறுநீர் குறைவாக ஊறுவதற்கு வாசோபிரசின் என்ற ஹார்மோன் உதவுகிறது. பகலைவிட இரவில் அது கூடுதலாகச் சுரக்கும் ஒழுங்கு சில குழந்தைகளுக்கு முன்னே வரும், சிலருக்குப் பின்னே வரும். மிரட்டியோ பழக்கியோ அதை அவசரப்படுத்த முடியாது. ஐந்து வயது வரை படுக்கையில் போவதை மருத்துவர்கள் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதே நேரத்தில், ஒரு குழந்தை திடீரென்று அளவுக்கு மீறித் தண்ணீர் கேட்டு, அடிக்கடி சிறுநீர் கழித்து, எடையும் குறைந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது நீரிழிவாக இருக்கலாம். தண்ணீரைப் பற்றி எழுதுவதானால் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று மனைவி வருத்தப்பட்டாள்.

கசிகிற இரவு இனியும் வரும். அதற்கு நாங்கள் செய்வது இதுதான். மெத்தை மேல் நீர்புகா விரிப்பு, அதன் மேல் துணி, மறுபடி நீர்புகா விரிப்பு, மறுபடி துணி. நனைந்தால் மேல் இரண்டையும் சேர்த்து உருவிவிடலாம், படுக்கை தயாராக இருக்கும். மாற்றுச் சட்டையும் டயப்பரும் தலைமாட்டில். பெரிய விளக்கைப் போடுவதில்லை. பேசுவதும் இல்லை. அவன் பாதித் தூக்கத்திலேயே திரும்பப் படுத்துவிடுகிறான்.

இந்தக் கடிதத்தின் வழியாக டயப்பர் தயாரிப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். பாக்கெட்டில் கிலோவுக்குப் பக்கத்தில் தொடைச் சுற்றையும் இடுப்புச் சுற்றையும் சென்டிமீட்டரில் அச்சிடுங்கள். எலாஸ்டிக் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை விரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை எங்களுக்கும் சொல்லுங்கள். 12 மணி நேரம் என்று போடும் இடத்தில் எத்தனை மில்லி தாங்கும் என்றும் போடுங்கள். வீட்டில் ஒரு நாடா இருந்தால் எந்த அப்பாவும் அம்மாவும் ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம்.

உங்களிடம் கேட்பது, தண்ணீரைக் குறைக்கச் சொன்ன அந்த வரிக்கு அதே இணைப்பில், அதே இடத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அப்போது தாய்மார்கள் என்பதையும் பெற்றோர்கள் என்று மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன், தையல் தொழில் செய்யும் ஒரு தந்தை