சின்னவனுக்கு ஊரைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

மூன்று மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்தது ஒரே வரி. சின்னவன் பள்ளிக்கூடத்தில் அம்மா ஊரைப் பற்றி எழுத வேண்டுமாம், விவரம் அனுப்பு என்று. சரி, அதற்காவது எழுதினாயே.

அவனிடம் சொல். வெனிசுக்கு வடக்கே, பெல்லூனோ மாகாணத்தில், பியாவே ஆறும் மாயே ஆறும் சேருகிற இடம் லொங்கரோனே. சுற்றிலும் மலை. கிழக்கே ஒரு குறுகிய இடுக்கு, அதற்குள் வயோந்த் அணை, 261 மீட்டர் உயரம். 1963 அக்டோபர் 9, இரவு 10.39க்கு தோக் மலையின் சரிவு, சுமார் 26 கோடி கன மீட்டர், அப்படியே நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. அணை உடையவில்லை என்பதை மறக்காமல் எழுதச் சொல், எல்லோரும் தப்பாகவே சொல்கிறார்கள். தண்ணீர்தான் அணையைத் தாண்டி எழும்பி ஊர்மேல் விழுந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் போனார்கள். 1960லேயே ஒரு துண்டு சரிந்து விழுந்தது. மலை நகர்வது தெரிந்தும் தண்ணீரை நிரப்பினார்கள். ஊரை ஒட்டிய பிராகோவில் மணிக்கூண்டு மட்டும் நின்றது.

ஐஸ்கிரீம் கண்காட்சிக்கு ஜெர்மனியிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். அங்கே ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் நம் பக்கத்துப் பள்ளத்தாக்கு சொல்தோக்காரர்கள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். உன் பிஸ்தா ஐஸ்கிரீமை அங்கே சாப்பிட்டவர்கள் என்னிடம் வந்து புகழ்கிறார்கள், பெருமையாக இருக்கிறது. நீ மட்டும் வரவில்லை. போன குளிர்காலமும் வரவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கமாட்டேன். எதிலும் கையெழுத்துப் போடாதே. தனியாகச் சாப்பிடாதே. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

வாயைத் திறக்காமல் இருப்பது என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கும். மாமா அன்று ராத்திரி கீழே பாரில் ரியால் மாட்ரிட் ஆட்டம் பார்க்கப் போனான் என்று உனக்குத் தெரியும். மீதியை நான் சொன்னதில்லை. ஆட்டம் முடிகிற நேரத்தில் பாட்டி என்னை எழுப்பினாள், போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். எனக்கு ஒன்பது வயது. குளிராக இருந்தது. விழித்துக்கொண்டுதான் இருந்தேன், தூங்குவதுபோல் கிடந்தேன். பாட்டி போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். நம் வீடு மேலே இருந்ததால் தப்பியது. ஃபொர்தோஞ்ஞா கல்லறைத் தோட்டத்தில் போனவர்களுக்காக மொத்தம் 1910 வெள்ளைக் கற்கள் இருக்கின்றன. அண்ணன் கல்லை நான் துடைக்கும்போது ஒவ்வொரு முறையும் அந்தப் போர்வைதான் ஞாபகம் வருகிறது. பாட்டி கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை.

இதைச் சின்னவன் எழுத வேண்டாம். மணிக்கூண்டு வரைக்கும் போதும்.

மேல் அறைக்கு விறகு வாங்கிப் போட்டிருக்கிறேன். நீயும் சின்னவனும் மட்டும் வந்தாலும் சரி, ஏன் என்று கேட்கமாட்டேன்.

அம்மா