உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள்: பிலிப்பைன்ஸ் பண்பாட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேசியப் பண்பாடு மற்றும் கலைகள் ஆணையத் தலைவர் அவர்களுக்கும், கமாபா தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நீங்கள் வழங்கும் கமாபா விருதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கேட்பது ஒன்றுதான். இந்தத் தேர்வை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடத்துங்கள். கலைஞர்களுக்குக் கண்ணும் கையும் குரலும் நன்றாக இருக்கும்போதே அவர்களைத் தேடிப்போய்க் கண்டுபிடியுங்கள்.

நான் இந்த நாட்டில் பிறந்தவள் இல்லை. தாவோ நகரில் மருத்துவம் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறேன். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகள் அம்மாவுக்கு என்று வாங்கிக்கொண்டு போவது பெரும்பாலும் த்னாலக் என்ற கைநெசவுத் துணியில் தைத்த ஒரு பை. அந்தத் துணி எங்கே நெய்யப்படுகிறது, யார் நெய்கிறார்கள் என்று பார்க்கப் போய்த்தான் லேக் செபு ஊரும் அங்குள்ள த்போலி பழங்குடி மக்களும் எனக்குப் பழக்கமானார்கள். ஆங்கிலத்தில் ஒரு படி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, இந்தப் பைகளை வாங்கிப்போகும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் படிக்கட்டும் என்று.

விருதின் வரலாற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1992 ஏப்ரலில் வந்த குடியரசுச் சட்டம் 7355, அடுத்த ஆண்டே முதல் மூன்று பேர். ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்குமான தேசியக் கலைஞர் விருது 1972லேயே வந்துவிட்டது. மலைக்காட்டிலும் தீவிலும் இருப்பவர்களுக்கு அதற்குமேல் இருபது ஆண்டு ஆனது. சரி, வந்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அதற்குப் பிறகு விருது கொடுத்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1993, 1998, 2000, 2004, 2012, 2016, 2023. ஒருமுறை எட்டு ஆண்டு இடைவெளி, இன்னொருமுறை ஏழு. 2016 வரை மொத்தம் 16 பேர், 2023இல் ஒரே தடவையில் ஒன்பது பேர். 7,641 தீவுகள் உள்ள நாட்டில், முப்பது ஆண்டில் 25 பேர்.

இந்த இடைவெளிகளுக்கு உங்கள் பக்கம் காரணங்கள் இருக்கும். நிதி, ஆட்சி மாற்றம், கடைசியாகக் கொரோனா. ஆனால் எழுபது எண்பது வயதில் இருக்கும் ஒரு கலைஞருக்கு ஏழு ஆண்டு என்றால் என்ன என்பதை அந்தக் காரணங்களோடு சேர்த்து எடை போட்டீர்களா என்பதுதான் என் கேள்வி.

த்னாலக் நெசவை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அபாக்கா என்பது வாழை இனம். தண்டை உரித்து நார் எடுக்கிறார்கள், அதை மயிரிழை மாதிரி பிரிக்கிறார்கள், ஒவ்வொரு நாரின் நுனியையும் அடுத்த நாரோடு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நறுக்கிவிடுகிறார்கள். இப்படியே ஒரு துணிக்கு வேண்டிய நார் முழுவதும். அப்புறம் பாவு நூலை விரித்து, எந்த இடத்தில் சாயம் ஏறக்கூடாதோ அந்த இடத்தை எல்லாம் மெழுகு பூசிய நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். க்னாலும் இலையில் கறுப்பு, லோக்கோ வேரில் சிவப்பு. இதற்கு வரைபடம் கிடையாது, அளவுகோல் கிடையாது. எந்த இழையில் எத்தனையாவது விரற்கடையில் கட்டு விழ வேண்டும் என்ற கணக்கெல்லாம் அந்த அம்மாள் தலைக்குள்தான் இருக்கிறது. வெயில் ஏறினால் நார் முறியும் என்று விடிகாலையிலும் சாயங்காலத்திலும்தான் தறியில் உட்காருகிறார்கள், இடுப்பில் பட்டையை மாட்டிக்கொண்டு, தறியை உடம்பாலேயே இழுத்துப் பிடித்தபடி. நெய்து முடித்தபின் சோழியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். ஒரு துணிக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

முதலில் போவது கண். கட்டுப் போடும் வேலைக்குக் கூர்மையான பார்வை வேண்டும். அடுத்து இடுப்பு. இரண்டும் போனபிறகு பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் கை செய்வதைக் கை பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தை இப்போது எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நான் வழக்கமாகத் துணி வாங்கும் ஒரு பாட்டி போன மழைக்காலத்தில் இறந்துபோனார். பேர் சொல்லப் போவதில்லை, குடும்பத்தாருக்குச் சங்கடம் வேண்டாம். அவரை விருதுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று ஓர் இளம் ஆசிரியை ஆசைப்பட்டுத் தாள்களைத் தயாரித்தார். படம் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தார். வீடியோ கேட்டார்கள், கடன் வாங்கிய போனில் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் ஊர்மட்டத்தில் ஓர் அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பாட்டி பிறந்தது மலையில், தாய்வீட்டுத் தரையில். அந்தக் காலத்தில் யார் போய்ப் பதிவு செய்தார்கள்? சரி, தாமதப் பதிவு செய்யலாம் என்றார்கள். அதற்கு, அவர் பிறந்தது தெரிந்த, சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டுமாம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பிறந்ததைத் தெரிந்தவர்கள் எந்த வயதில் இருப்பார்கள்? ஒரே ஒரு கிழவர் இருந்தார், அவரால் எழுந்து நடக்க முடியாது. அவரைத் தூக்கிக்கொண்டு போவதா, அதிகாரியை அங்கே வரச்சொல்லிக் கேட்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பாட்டிக்குக் காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான். தாள்கள் அந்த ஆசிரியையின் பையிலேயே இருக்கின்றன.

இதை நீங்கள் கேட்கவில்லை, ஊர்மட்டத்தில் கேட்டார்கள். ஆனால் உங்கள் விருதின் பேரைச் சொல்லித்தான் கேட்டார்கள். அந்தப் பாட்டிக்கு ஒரு தேசிய விருது நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார். உங்கள் குழுவில் ஒருவராவது அவர் தறிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? தகுதியுள்ள நாட்டுப்புறக் கலைஞர்களை அடையாளம் காண வழிமுறை வேண்டும், தங்கள் திறமையைத் தம் மக்களுக்குக் கடத்த அவர்களுக்கு உதவ வேண்டும் என்கிறது. அதாவது தேடுவது உங்கள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நெசவுக்காரியோ, இரவு முழுக்க இதிகாசம் பாடும் ஒரு மலைவாசியோ தன்னைத்தானே நிரூபித்துக்கொண்டு உங்களிடம் வர வேண்டும் என்று அதில் இல்லை. உங்கள் தகுதி விதியில் இன்னொன்று இருக்கிறது: அந்தக் கலை குறைந்தது 50 ஆண்டாக இருந்துவருவதோடு, அது ஆவணப்படுத்தப்பட்டும் இருக்க வேண்டும். வாயால் வாய்க்குச் செல்லும் ஒரு பாட்டை 50 ஆண்டுக்கு முன்னால் யார் ஆவணப்படுத்தியிருப்பார்கள்? ஆய்வாளர் வந்துபோன ஊர்களுக்கு ஆவணம் உண்டு, வராத ஊர்களுக்குக் கிடையாது. அங்கே ஆவணப்படுத்துவதையும் நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும், தயவுசெய்து செய்யுங்கள்.

சீக்கிரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் முதல் பட்டியலே சாட்சி. 1993இல் மிந்தோரோ தீவின் ஹனுனுவோ மங்யான் பழங்குடிக் கவிஞர் கினாவ் பிலோக் விருது வாங்கியபோது அவருக்கு வயது 40தான். அவருடைய கலை, மூங்கிலில் அவர்களுடைய சொந்த எழுத்தில் கீறும் அம்பஹான் பாட்டு, அடிக்கு ஏழு அசை. 2003இல் அவர் மறைந்தார், ஐம்பது வயதில். எழுபது வயதாகட்டும் என்று அன்றைக்குக் காத்திருந்தால் அவர் பட்டியலிலேயே இருந்திருக்க மாட்டார். சூலு தீவின் பாராங் ஊரைச் சேர்ந்த தார்ஹாத்தா சவாபி, பிஸ் சியாபிட் என்ற தலைத்துணியை நெய்தவர், 2004இல் விருது பெற்றார், 2005இல் இறந்துவிட்டார். ஓராண்டு! அவரிடம் கற்றுக்கொள்ள இந்த நாடு தன் பணத்தோடும் மரியாதையோடும் போய் நின்ற காலம் அவ்வளவுதான். போலோமோலோக்கின் ப்லான் பழங்குடி நெசவாளி யாபிங் மசலோன் துலோவுக்கு, எல்லோரும் ஃபு யாபிங் என்று கூப்பிட்டவருக்கு, 2016இல் விருது வந்தபோது நூறு வயதைத் தாண்டியிருந்தது. 2021இல் போய்விட்டார். அதே 2016இல் விருது பெற்ற பாசிலான் தீவின் யக்கான் இன நெசவாளி அம்பலாங் அவுசாலின் 2022இல். அடுத்த பட்டியல் வருவதற்குள் இரண்டு பேரும் இல்லை. முதல் மூவரில் ஒருவர்கூட இன்று இல்லை. குத்யாப்பி என்ற தந்தி வாத்தியம் வாசித்த சமாவோன் சுலைமான் 2011இல், பலவான் தீவின் இசைக் கலைஞர் மசினோ இந்தாராய் 2013இல்.

லேக் செபுவின் லாங் துலாய் அம்மா பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். 1998இல் கௌரவித்தீர்கள். அதற்குப் பிறகு ஊரில் நெசவுப் பள்ளி நடந்தது, பெண்கள் கற்றுக்கொண்டார்கள், 2015இல் அவர் மறையும்வரை அந்த விருதால் ஊருக்கு நன்மை இருந்தது. இதைத்தான் நான் கேட்கிறேன். ஆனால் அதே லேக் செபுவில் இன்னொரு த்னாலக் நெசவாளி பார்பரா ஓஃபோங் பட்டியலுக்கு வந்தது 2023இல். நடுவில் 25 ஆண்டு. அந்த 25 ஆண்டில் அங்கே எத்தனை கைகள் ஓய்ந்துபோயின!

ஹுவாங்-ஓட் அம்மாவைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். கலிங்காவின் புஸ்கலான் மலையில் முள்ளாலும் கரியாலும் பச்சை குத்தும் அந்த அம்மாவுக்கு 2018இல் தங்கால் நங் ஹராயா என்ற உங்கள் இன்னொரு விருதைக் கொடுத்தீர்கள், 2024இல் ஜனாதிபதி பதக்கம் கிடைத்தது, கமாபா பட்டியலில் 2023 வரை அவர் பேர் இல்லை. அவருக்கும் கமாபா கொடுக்க வேண்டுமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அவரைப் பார்க்க உலகமே மலையேறிப் போகிறது, விருது இல்லாமலே அவர் பேர் நிற்கும், பேத்தி முறைப் பெண்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். யாருமே மலையேறிப் போய்ப் பார்க்காதவர்களுக்குத்தான் நீங்கள் தேவை.

கொஞ்சம் வேறு விஷயமும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்த நாட்டின் சுற்றுலா விளம்பரங்களில் எல்லாம் இவர்கள் முகம்தான். விழாவா, மாநாடா, வெளிநாட்டுத் தலைவர் வருகிறாரா, உடனே மணி கோத்த உடையில் நாலு பேரை மேடையில் நிறுத்துகிறார்கள். ஆடி முடித்ததும் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்புவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைகளில் த்னாலக் கோலத்தை மிஷினில் அச்சடித்த பாலியஸ்டர் துணி கைநெசவு என்ற சீட்டோடு தொங்குகிறது, விலை நிஜத் துணியின் கால்பங்குகூட இல்லை. பாட்டி மாதக்கணக்கில் நெய்ததை விற்க வந்தால் ‘அங்கே மலிவாகக் கிடைக்கிறதே’ என்று பேரம் பேசுகிறார்கள். பேத்திகள் இதைப் பார்த்துக்கொண்டுதானே வளர்கிறார்கள்? ஜெனரல் சாந்தோஸில் சூரைமீன் அடைக்கும் ஆலையில் வாரக் கூலி கையில் கிடைக்கும் என்றால் அங்கேதான் போவார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணிலா அருங்காட்சியகத்தில் விருதாளர்களின் வேலைப்பாடுகளுக்கு என்று ஒரு கூடமே வைத்திருக்கிறீர்கள், அழகான கூடம். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் துணியை நாளைக்கு யார் நெய்வது?

கோபத்தில் நீட்டிக்கொண்டே போகிறேன், மன்னியுங்கள். உங்கள் விருதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சட்டம் வைத்த ஒரு லட்சம் பெசோ, மாதம் 10,000 என்பதோடு நிற்காமல் பின்னால் நீங்களே உதவித்தொகையைக் கூட்டினீர்கள், மருத்துவச் செலவையும் சேர்த்தீர்கள். முதுமையால் கற்றுக்கொடுக்க முடியாமல் போனவர்களையும் கௌரவிக்கலாம் என்று விதியில் இடம் வைத்தீர்கள். அது எப்போதாவது தேவைப்படும் விதிவிலக்காக இருக்கட்டும், வழக்கமாகிவிட வேண்டாம்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு என்று எழுத்தில் அறிவியுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு பேர் என்றாலும் பரவாயில்லை. பரிந்துரையை அவரவர் மொழியில் வாயால் சொன்னாலே பதிவு செய்துகொள்ள ஊர்களுக்கு ஆள் அனுப்புங்கள், தெற்குக் கடைசித் தீவுகளான தாவி-தாவிக்கும் சூலுவுக்கும் முதலில் அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அவர்கள் ஊர்ப் பெரியவர்களின் வார்த்தை போதும் என்று உள்ளூர் அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போடுங்கள். லேக் செபுவில் அந்த ஆசிரியை இப்போது இன்னொரு அம்மாவின் தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். இவருக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது. தயவுசெய்து இந்த ஆண்டிலேயே யாரையாவது அனுப்புங்கள்.

மரியாதையுடன்,
தாவோ நகரில் மெஸ் நடத்தும் ஒரு தமிழ்ப் பெண்