மூலான் ரூஜ் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். லாஸ் வேகஸில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து அமைத்த ‘மூலான் ரூஜ்’ ஓட்டல் வரலாற்றுக் கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. நாங்கள் இந்தப் பாலைவன ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். எங்கள் நிறத்தைப் பார்த்து இன்று எந்த ஓட்டல் வாசலிலும் யாரும் மறிப்பதில்லை. அந்த நிலையை எங்களுக்காகப் போராடிப் பெற்றவர்கள் யார் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தோம். உதவிய பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, கறுப்பின மக்கள் வாழ்ந்த வெஸ்ட்சைடு பகுதியில் பிறந்து வளர்ந்த ஓர் அம்மாவுக்கு. அவருடைய தாயார் 1955இல் மூலான் ரூஜில் உணவு பரிமாறியவர். அதற்கு முந்தைய காலத்தில், பெரிய சூதாட்ட ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் ‘ஸ்ட்ரிப்’ சாலையின் ஓட்டல் மேடைகளில் சாமி டேவிஸ் ஜூனியரும் நாட் கிங் கோலும் பாடினால் கூட்டம் அலைமோதும். பாடி முடித்த பிறகு அவர்களைப் போன்ற கறுப்பினக் கலைஞர்களுக்கு அதே ஓட்டலில் அறை கிடைக்காது. ரயில் பாதையைக் கடந்து வெஸ்ட்சைடுக்கு வந்து, ஹாரிசன் அம்மையார் நடத்திய விடுதி போன்ற வீடுகளில்தான் தங்குவார்கள். நிறப்பாகுபாட்டுக்குப் பேர்போன தென் மாநிலத்தின் பெயரால், இந்த ஊருக்கு ‘மேற்கின் மிசிசிப்பி’ என்று பெயரே வந்துவிட்டது.

1955 மே 24 அன்று மேற்கு பொனான்சா சாலையில் மூலான் ரூஜ் திறந்தது. கறுப்பர், வெள்ளையர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் தங்கவும் உண்ணவும் ஆடவும் கூடிய ஓட்டல் இந்த ஊருக்கு அதுதான் முதல். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் அதில் சிறு பங்குதாரர். விருந்தினரை வரவேற்றவரும் அவரே. திறந்த மறுமாதமே அதன் நடனப் பெண்கள் ‘லைஃப்’ இதழின் அட்டைக்கு வந்துவிட்டார்கள். இரவு இரண்டரை மணிக்கு ஒரு காட்சி உண்டு. ஸ்ட்ரிப்பில் வேலை முடித்த பாடகர்களும் ஆட்டக்காரர்களும் நேரே அங்கேதான் வருவார்களாம். தன் தாய் விடிந்த பிறகே வீடு திரும்புவார் என்றும், வந்ததும் யார் யார் வந்தார்கள் என்று பிள்ளைகளிடம் அடுக்குவார் என்றும் அந்த அம்மா சொன்னார். பிள்ளைகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா, உங்கள் தாயாருக்கும் சேர்த்து எங்கள் வணக்கம்.

நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகஸ் வளாக நூலகத்தாருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். அங்குள்ள வாய்மொழி வரலாற்று மையத்தின் முதல் இயக்குநர் கிளேடீ வைட், வெஸ்ட்சைடு மக்களின் நினைவுகளை அவர்கள் வாயாலேயே பதிவு செய்தவர். மூலான் ரூஜில் நடனமாடிய ஆனா பெய்லியின் பேட்டியும் அங்கே இருக்கிறது. கட்டடம் போய்விட்டது. இப்படி ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்திருக்காவிட்டால், அந்த ஓட்டலைப் பற்றி நட்சத்திரங்களின் புகைப்படங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இப்படிப்பட்ட ஓட்டலை அதே ஆண்டிலேயே மூடிவிட்டார்கள். ஏன் மூடினார்கள் என்று பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள். அது ஆறு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. ஸ்ட்ரிப் முதலாளிகள் தங்கள் வாடிக்கையாளர் கைவிட்டுப் போவதைப் பார்த்து நெருக்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அதே வசந்தத்தில் ராயல் நெவாடா, ரிவியேரா, டூன்ஸ் என்று வரிசையாக ஓட்டல்கள் திறந்ததால் போட்டியும் கூடியது. டூன்ஸ் திறந்தது மூலான் ரூஜுக்கு முந்தைய நாள். இரண்டு காரணங்களையும் பலகையில் எழுதினோம். போதிய முதல் இல்லாமல் கடனில் மூழ்கியதே பெரிய காரணம் என்பது என் எண்ணம். வாதாடி எங்கள் வரிகளைத் திருத்திய வரலாற்று ஆசிரியருக்கு நன்றி.

1960 மார்ச் 26 பற்றிய பலகையை எழுதியவர்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகள். நிறப்பாகுபாட்டை விலக்காவிட்டால் ஸ்ட்ரிப்பில் ஊர்வலம் என்று கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் கிளைத் தலைவரும் பல் மருத்துவருமான ஜேம்ஸ் மக்மில்லன் அறிவித்திருந்தார். ‘லாஸ் வேகஸ் சன்’ பதிப்பாளர் ஹேங்க் கிரீன்ஸ்பன் நடுவராக நிற்க, ஆளுநர் கிராண்ட் சாயரும் வர, முன்பு மூடப்பட்ட அதே மூலான் ரூஜின் காபி ஷாப்பில்தான் உடன்பாடு ஏற்பட்டது. ஓட்டல்களின் கதவு திறந்தது. ஆனால் நல்ல வேலைகளுக்கு 1971இல் நீதிமன்ற வழி ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் விடாமல் எழுதிய பிள்ளைகளுக்குத் தனிப் பாராட்டு.

ஊரின் பழைய ஒளிரும் பெயர்ப்பலகைகளைக் காக்கும் நியான் அருங்காட்சியகத்தில் எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டிக்கும் நன்றி. பெட்டி வில்லிஸ் வரைந்த மூலான் ரூஜ் பெயர்ப்பலகை 2009இல் கழற்றப்பட்டு அங்கே வந்தது. மறு ஆண்டு கட்டடம் இடிபட்டது. 2020இல் அந்த எழுத்துகள் மீண்டும் ஒளிர்ந்தன. அருங்காட்சியகத்தின் வரவேற்புக் கூடமே பால் ரெவியர் வில்லியம்ஸ் வடிவமைத்த லா கொன்சா மோட்டலின் முகப்பு. கறுப்பினக் கட்டடக் கலைஞரான அவர், தம் அருகில் உட்காரத் தயங்கும் வெள்ளை வாடிக்கையாளர்களுக்காக, எதிரில் அமர்ந்தபடி தலைகீழாக வரையப் பழகியவர். இதைக் கேட்ட ஒரு சிறுமி அன்று மாலையே தலைகீழாக ஒரு வீடு வரைந்து கொண்டுவந்தாள். அதையும் காட்சிக்கு வைத்தோம்.

ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒவ்வொரு பலகையிலும் ஒற்றுப் பிழை பார்த்துக் கொடுத்தார். மாதிரி ஓட்டலை அட்டையில் செய்த அப்பாக்கள், பாதி விலைக்கு அச்சிட்டுத் தந்த கடைக்காரர், காப்பி போட்டுக் கொடுத்த கைகள், எல்லோருக்கும் நன்றி.

பலகைகள் பள்ளிக் கூடத்தில்தான் இருக்கின்றன. வெஸ்ட்சைடு நண்பர்கள் படிப்பதற்காக ஆங்கில வடிவம் தயாராகிறது. திருத்த வேண்டியது எதுவும் கண்ணில் பட்டால், அச்சுக்குப் போகும் முன் தெரிவியுங்கள்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில்
ஒரு பெற்றோர்